கயிறு எட்டாத ஆழம்

அடியே கிடையாதாம் அந்த ஊற்றுக்கு! சொன்னவர் தெருவில் போகும் வழிப்போக்கர் அல்லர். எகிப்து நாட்டுச் சாயிஸ் நகரக் கோயில் கருவூலத்தின் கணக்கர். கேட்டவரும் எளியவர் அல்லர். வரலாற்றின் தந்தை என்று உலகம் ஏத்தும் கிரேக்கப் பேரறிஞர் ஹெரோடோட்டஸ். காலம், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. நைல் ஆறு எங்கே பிறக்கிறது என்று ஊர் ஊராய்க் கேட்டுக்கொண்டே போன அவருக்குக் கணக்கர் தந்த விடை இது: தென்கோடியில், சையீன் நகருக்கும் எலிபன்டைன் தீவுக்கும் இடையே, கூர்முடி கொண்ட மலைகள் இரண்டு உண்டு; அவற்றின் நடுவே ஆழங்காணா ஊற்றுகள் உண்டு; அங்கிருந்து பாதி நீர் வடக்கே எகிப்துக்கும், பாதி நீர் தெற்கே எத்தியோப்பியாவுக்கும் பாய்கிறது! சான்றும் காட்டினார் கணக்கர். சாமெட்டிக்கஸ் என்ற மன்னன் பல்லாயிரம் பாக நீளத்தில் கயிறு திரித்து இறக்கிப் பார்த்தானாம். அடி தட்டுப்படவே இல்லையாம்!

ஹெரோடோட்டஸ் கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்தார், ஆனால் நம்பிவிடவில்லை. கணக்கர் கேலி பேசுகிறார் என்றே அவருக்குத் தோன்றிற்று. ஒருவேளை கயிறு இறக்கியது உண்மையாகவே இருந்தாலும், அங்கே சுழித்து ஓடும் நீர் அதனை அடிக்குப் போகவிடாமல் அலைக்கழித்திருக்கும் என்று காரணமும் கூறினார். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கயிறு எட்டவில்லை என்றால் அது கயிற்றின் குறை. அதனை ஆழத்தின் பெருமையாக்கி, பெருமையைப் புனிதமாக்கி, புனிதத்தை வினாவுக்குத் தடையாக்கி வைப்பது எவ்வளவு எளிதான வேலை! எத்தனை நாடுகளில், எத்தனை நூற்றாண்டுகள் நடந்த வேலை!

எங்கள் ஊர் ஆற்றிலும் அப்படி ஒரு மடு உண்டு. ஏழு கட்டில் கயிறு விட்டாலும் எட்டாது என்பார் என் பாட்டி. அதன் அடியை எவரும் கண்டதில்லை, காணவும் கூடாது என்பது ஊரார் விதி. நான் சிறுவனாக இருந்தபோது, மழை பொய்த்த ஓர் ஆண்டு, ஆறும் வறண்டது, மடுவும் வற்றியது. அடியில் மணல் இருந்தது. நாலைந்து பானை ஓடுகள் இருந்தன. எருமைக் கொம்பு ஒன்று கிடந்தது. பாட்டியை அழைத்துச் சென்று காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது அந்த மடு இல்லேடா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்!

பாட்டியை எள்ளி நகையாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கண் கண்டதைவிடக் காது கேட்டது வலிமை வாய்ந்ததாகிவிடும் வேடிக்கையை அன்றுதான் கண்டேன். இன்று உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். அறிவியல் பட்டம் பெற்றேன் அல்லேன், கலைப் பட்டதாரி. எகிப்தைப் பற்றிய பாடம் நடத்தும்போது, அந்த நாடே நைல் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனது என்று சொல்லி மேலே நகர்ந்துவிடுவது வழக்கம். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது என்கிறீர்கள். கொட்டுவதற்குப் பள்ளம் வேண்டுமே! அந்தப் பள்ளத்தை வெட்டியது யார்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது; எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடப் புத்தகத்தில் விடை இல்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, மூத்த ஆசிரியர் ஒருவர், "தேர்வில் வராததை ஏன் தம்பி கிளறுகிறீர்கள்?" என்றார். கிளறினேன்! நூலகத்தில் கிளறினேன், நிலவியல் படித்த நண்பர்களிடம் கிளறினேன். கிடைத்தது, கதைகளையெல்லாம் கதிகலங்கச் செய்யும் ஓர் உண்மைக் கதை.

முதலில் ஹெரோடோட்டசிடமே மீண்டும் போக வேண்டும். அடியில்லா ஊற்றின் கதையை எழுதி வைத்த அதே நூலில், அவர் தம் கண்ணால் கண்டவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். எகிப்தின் குன்றுகளில் கடற்சிப்பிகள் கிடக்கின்றன. நிலத்தில் உப்புப் பூக்கிறது. அண்டை நாடுகளின் மண் செம்மணலாகவும் களியாகவும் இருக்க, எகிப்தின் மண் மட்டும் கருத்து, வெடித்துப் பிளந்து கிடக்கிறது. ஆகவே இது ஆறு கொணர்ந்த மண்; முன்னொரு காலத்தில் இங்கே கடல் புகுந்திருக்க வேண்டும்! இவ்வளவோடு நின்றாரா? இல்லை. நைல் தன் போக்கை மாற்றிச் செங்கடலுக்குள் பாய்ந்தால், அந்தக் கடற்காலை 20,000 ஆண்டுகளில் தூர்த்துவிடாதா, ஏன், 10,000 ஆண்டுகளே போதாதா என்று கணக்கும் போட்டார். கணக்கின் எண் இங்கே பெரிதன்று. ஒரு நாட்டின் தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்கலாம் என்ற துணிவு இருக்கிறதே, அது பெரிது!

அந்தத் துணிவு மீண்டும் நைல் கரைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1851 முதல் 1854 வரை, லெனார்டு ஹார்னர் என்ற ஸ்காட்லாந்து நாட்டு நிலவியலார், எகிப்து அரசின் உதவியோடு, ஹீலியோபோலிஸ், மெம்பிஸ் ஆகிய பழம்பதிகளில் வண்டலைத் துளைத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். களத்தில் நின்று வேலையை நடத்தியவர் ஹெக்கெக்கியான் என்ற ஆர்மீனியப் பொறியாளர். மெம்பிசில் இரண்டாம் ராம்செஸ் மன்னனின் சிலை எந்தக் காலத்தது என்பது தெரியும்; அதன் மீது எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்பதும் தெரியும். நூற்றாண்டுக்கு இத்தனை அங்குலம் என்று வகுத்துக்கொண்டார் ஹார்னர். பிறகு, 39 அடி ஆழத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டுக்கு 13,000 ஆண்டுகளுக்கு மேல் வயது சொன்னார்.

ஒரு பானை ஓடு! ஆனால் அது உண்டாக்கிய அதிர்ச்சியோ பெரிது. அந்நாளில் ஆங்கில விவிலியத்தின் ஓரத்தில், உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று அச்சிடப்பட்டிருந்தது. குயவன் வனைந்த பானை, கடவுள் வனைந்த உலகைவிட மூத்ததாவது எப்படி? 1861-இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக நின்று, அந்த ஆண்டுக்கணக்கை வெளிப்படையாகவே மறுத்துப் பேசினார் ஹார்னர்.

அவர் போட்ட கணக்கு சரியா என்று கேட்பீர்கள். சரியன்று. ஆறு எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் ஒரே அளவு வண்டலைப் பரப்புவதில்லை. கோயில்களைச் சுற்றி மக்கள் கரை கட்டி வெள்ளத்தைத் தடுத்தும் இருப்பார்கள். அன்றே அறிஞர் பலர் இதை எடுத்துக்காட்டினர். ஹார்னரின் எண் விழுந்தது. ஆனால் மண்ணைத் தோண்டி மண்ணிடமே வயதைக் கேட்பது என்ற முறை விழவில்லை. பிழையைக் கண்டு பிடித்ததும் அதே முறைதான். திருத்தியதும் அதே முறைதான். ஓரத்தில் அச்சிட்ட ஆண்டைத் திருத்த எந்த முறை இருந்தது?

இனி, கணக்கர் கதை கட்டிய அந்தத் தென்கோடிக்கே போவோம். பழைய சையீன்தான் இன்றைய அஸ்வான். அந்நகருக்குத் தெற்கே நைலை மறித்து மாபெரும் அணை கட்ட முனைந்தது எகிப்து. 1960-இல் வேலை தொடங்கிற்று. சோவியத் பொறியாளர்கள் துணை நின்றார்கள். 111 மீட்டர் உயரம், 3,800 மீட்டருக்கும் மேல் நீளம். இத்தனை பெரிய அணையை எதன்மீது நிறுத்துவது? ஆற்றின் அடியில் பாறை எங்கே இருக்கிறது? இம்முறை அடியைத் தேடி இறங்கியது கயிறன்று, துளைக்கருவி.

இரு கரையிலும் கிரானைட்டுப் பாறை எழுந்து நிற்கிறது. நடுவிலும் சற்று ஆழத்தில் அது தட்டுப்படும் என்று எவரும் எதிர்பார்ப்பர். கருவி இறங்கிற்று, மணல். மேலும் இறங்கிற்று, மேலும் மணல். பிறகு களிமண். 200 மீட்டருக்கும் மேல் இறங்கிய பிறகுதான் நடுவில் பாறை தட்டிற்று. ஆம், அடி இருந்தது! இன்றைய கடல் மட்டத்திற்கும் 150 மீட்டருக்குமேல் தாழ்ந்து, ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்காக, கிரானைட்டிலேயே வெட்டப்பட்டுக் கிடந்தது. நம் கண்ணுக்குத் தெரியும் நைல், அந்தப் பழம் பள்ளத்தைத் தூர்த்து மூடிய மண்ணின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வியப்பு இன்னும் முடியவில்லை. அந்தக் களிமண்ணை ஆராய்ந்தார் இவான் சுமாக்கோவ் என்ற சோவியத் நிலவியலார். அதில் போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருந்தன. கடல் நீரில் வாழ்ந்தவை! மத்தியதரைக் கடலிலிருந்து ஆற்று வழியே 1,200 கிலோமீட்டர் உள்ளே, பாலைவனத்தின் நடுவே, கடல் உயிரின் ஓடு! 1967-இல் இதை அவர் வெளியிட்டார்.

இங்கே சற்று நின்று, வகுப்பில் நான் சொன்னபடியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆறு நிலத்தை வெட்டுவது எதனால்? சரிவினால். சரிவு எதுவரை? கடல்வரை. கடல் மட்டத்தை அடைந்துவிட்டால் ஆற்றுக்கு மேலும் இறங்கி வெட்ட வழி இல்லை. ஆனால் நைல், கடலுக்கு 1,200 கிலோமீட்டர் முன்னதாகவே, கடல் மட்டத்திற்குக் கீழே வெட்டியிருக்கிறது. ஆகவே? நைல் வெட்டிய காலத்தில் கடல் இன்றுள்ள இடத்தில் இல்லை. மிக மிகத் தாழ்ந்து கிடந்தது! வேறு முடிவுக்கு வழியே இல்லை. வினா கேட்ட மாணவி, நான் வாய் திறக்குமுன் இந்த முடிவைச் சொன்னாள்.

கடல் தாழுமா? தாழ்ந்தது என்பதற்குச் சான்று மற்றொரு திசையிலிருந்து வந்தது. 1970-இல், 'குளோமர் சாலஞ்சர்' என்ற ஆய்வுக் கப்பல் மத்தியதரைக் கடலின் அடித்தளத்தைத் துளைத்தது. வில்லியம் ரயன், கென்னத் ஷூ ஆகிய இருவரும் அப்பயணத்தின் தலைமை அறிவியலார். நுண்ணுயிர் ஓடுகளைப் படித்துக் காலம் குறித்தவர்களில் ஒருவர் மரியா பியாங்கா சீட்டா என்ற இத்தாலியப் பெண்மணி. ஆழ்கடலின் அடியில் அவர்கள் கண்டவை ஜிப்சமும் உப்பும்! நீர் வற்றினாலன்றி உண்டாகாத பொருள்கள். பல இடங்களில் அந்த உப்புப் படிவம் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனம்.

நடந்தது இதுதான். மத்தியதரைக் கடலுக்கு ஆறுகளும் மழையும் கொடுப்பதைவிடக் கதிரவன் குடிப்பது மிகுதி. குறையை ஈடுசெய்வது ஜிப்ரால்டர் வழியே வரும் அட்லாண்டிக் நீர். ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் உயர்ந்து அந்த வாயிலைக் குறுக்கி அடைத்தது. கடல் வற்றலாயிற்று. எவ்வளவு வற்றிற்று என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் மட்டம் தாழத் தாழ, ஆறுகள் தம் முகத்துவாரத்தில் செங்குத்தாக விழுந்தன. விழுந்த இடத்தை அறுத்தன. அறுப்பு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போயிற்று. பிரான்சின் ரோன் ஆறு அறுத்தது, நைலும் அறுத்தது. கெய்ரோவுக்குச் சற்று வடக்கே, நைல் அறுத்த பள்ளத்தின் அடி கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 2,500 மீட்டர்! உலகம் வியக்கும் அமெரிக்கக் கிராண்ட் கேன்யனின் ஆழம் 1,800 மீட்டர்தான். அதனினும் ஆழமான பள்ளத்தின் மேல் இன்று இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட கெய்ரோ பெருநகர் பரந்து கிடக்கிறது. அவர்கள் காலடியில் அப்படி ஒரு பாதாளம் இருப்பதாக எவரும் அஞ்சவில்லை. ஏனெனில் அது நிரம்பிவிட்டது.

எப்படி நிரம்பிற்று? 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் வாயில் திறந்தது, அட்லாண்டிக் பாய்ந்தது, கடல் மீண்டது. மீண்ட கடல், நைல் வெட்டி வைத்த பள்ளத்துக்குள்ளும் ஏறி, அஸ்வான் வரையில் ஒடுங்கிய வளைகுடாவாக நின்றது. சுமாக்கோவ் கண்ட ஓடுகளுக்கு உரிய உயிர்கள் அந்த நீரில் வாழ்ந்தவை. அசையாத நீரில் களிமண் மெல்ல இறங்கி அடியை மெழுகிற்று. பிறகு ஆறு வந்தது. கடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே மணலையும் சரளையையும் கொட்டிற்று. விரைந்தோடும் நீர் சரளையைச் சுமக்கும்; தளர்ந்தால் சரளையை விடும்; மேலும் தளர்ந்தால் மணலை விடும்; ஓய்ந்தால்தான் வண்டலை விடும். ஆகவே ஒவ்வோர் அடுக்கும் அன்று நீர் ஓடிய வேகத்தை எழுதி வைத்த ஏடு! அந்த ஏடுகளை அடுக்கிப் படித்துக் காட்டியவர் எகிப்து நாட்டு நிலவியலார் ருஷ்தி சயீத். இது ஒரே நைல் அன்று, ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஐந்து நைல்கள் என்று அவர் வகுத்தார். பள்ளத்தை வெட்டிய முதல் நைல் வேறு. இன்று ஓடும் நைல் வேறு. இடையில் ஆறு சுருங்கிப் பாலை ஆண்ட காலமும் உண்டு.

எத்தியோப்பிய மலைகளின் எரிமலைப் பாறை தேய்ந்து, நீல நைல் வழியாகவும் அட்பாரா வழியாகவும் வரும் கருவண்டல், கடைசி அடுக்கு. இன்றைய டெல்டா உருப்பெறத் தொடங்கி ஏறத்தாழ 8,000 ஆண்டுகளே ஆகின்றன. அந்தப் பள்ளம் நிரம்பிய 53 லட்சம் ஆண்டுகளையும் ஒரே நாளாகச் சுருக்கிப் பாருங்கள். நள்ளிரவில் தொடங்கி மறு நள்ளிரவில் முடியும் அந்த நாளில், பாரோ மன்னர்களின் முதல் முடிசூட்டு முதல் இன்றுவரை எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவு! தொடக்கமற்றது, அழிவற்றது, தெய்வங்கள் அளந்து அளித்தது என்று பாடப்பட்ட பூமி, முந்தாநாள் படிந்த சேறு! இதைச் சொன்னால் அந்தப் பூமியின் பெருமை குறையுமா? வளருகிறது என்பேன். யாரோ தந்த வரம் என்று கேட்டால் கை கூப்பிவிட்டுப் போவோம். துகள் துகளாய், அடுக்கு அடுக்காய், எத்தனையோ லட்சம் வெள்ளங்கள் சுமந்த சுமை என்று அறிந்தால், ஒரு பிடி மண்ணை வீணாக்க மனம் வராது.

ஆனால் கதை இங்கே மகிழ்ச்சியாக முடியவில்லை. வகுப்பில் அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "வெட்டியதும் ஆறு, நிரப்பியதும் ஆறு. சரி ஐயா, இப்போது நிரப்புகிறதா?" என்றாள்.

நிரப்பவில்லை! ஆழத்தில் புதைந்த வரலாற்றைத் தோண்டித் தந்த அதே அணை, அந்த வரலாற்றின் அடுத்த ஏட்டை எழுதவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டது. 1964-இல் நீர் தேங்கத் தொடங்கிற்று. 1970-இல் அணை முடிந்தது. அதற்கு முன், ஆண்டுதோறும் 10 கோடி டன்னுக்கு மேல் வண்டல் எகிப்துக்குள் வந்துகொண்டிருந்தது. இன்று ஏறத்தாழ அவ்வளவும் நீர்த்தேக்கத்தின் மேல் முனையிலேயே படிந்துவிடுகிறது. அங்கே ஏரிக்குள் புதிய டெல்டா வளர, கடலோரத்துப் பழைய டெல்டா பட்டினி கிடக்கிறது. முன்பே தேயத் தொடங்கியிருந்த ரோசெட்டா முனை விரைந்து பின்வாங்கிற்று; கடற்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. வெள்ளம் இலவசமாகத் தந்த உரத்தை உழவர்கள் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. ஏரி எழுந்த இடத்தில் வாழ்ந்த நூபிய மக்கள், எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், வீட்டையும் ஊரையும் விட்டு அகற்றப்பட்டனர். இப்போதோ டெல்டா அமிழ்கிறது, கடல் உயர்கிறது, உப்பு வயலுக்குள் நுழைகிறது.

அணை தீமை என்று தீர்ப்பளிக்கவில்லை. 1980-களில் ஆப்பிரிக்காவை வறட்சி வாட்டியபோது எகிப்தைக் காத்தது அந்த அணையின் நீர்தான். ஊர்களில் விளக்கேற்றியதும் அதுதான். நான் சொல்ல விரும்புவது வேறு. ஆற்றைத் தெய்வமாக்கித் தொழுதவர்க்கும் அது எப்படி நிலம் சமைக்கிறது என்பது தெரியவில்லை. ஆற்றை வெறும் நீர்க்குழாயாக எண்ணியவர்க்கும் அது உறைக்கவில்லை. ஆறு என்றால் நீர் மட்டும் அன்று, மண்ணுங்கூட. இந்த ஒரு செய்தியைப் படித்தவனும் பாமரனும் அறிந்திருந்தால், எந்த நாட்டில் எந்த அணைக்குக் கல் நாட்டும் நாளிலும், "வண்டலுக்கு என்ன வழி?" என்று ஒரு குரலாவது எழும்.

அந்தக் குரல் வகுப்பறையில்தான் பயில வேண்டும். கணக்கரைக் கேட்டால் அடி இல்லை என்பார். அவர் தொழில் அது. மன்னன் கயிறு தீர்ந்ததும் திரும்பிவிட்டான். அவனுக்கு வேறு வேலை இருந்தது. நமக்கு இதுதான் வேலை, தோழர்களே! நம் கையிலும் நெடுங்கயிறு இல்லை, பெருங்கருவி இல்லை. ஆனால் "எவ்வளவு ஆழம்? எத்தனை ஆண்டு? யார் அளந்தது?" என்ற மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால், ஆசிரியர் சிரிக்காதிருக்கட்டும். பாடத்தில் இல்லை என்று பெரியவர்கள் அடக்கினால், அவளுக்கு ஒரு நூலை எடுத்துத் தர ஒரு கை இருக்கட்டும். ஆழம் அளக்கப்படும், அடி தட்டுப்படும்!